ஜெயக்கொடிக்குத் தப்பாத வாணம்

“விருதுநகர் ஜில்லாவுக்கு மேல வெடிச்ச எந்த வாணமும் இந்தக் கேமராவுக்குத் தப்புனது கெடையாது. தப்பியிருந்தா, அது வெடிக்கவே இல்லைன்னு வச்சுக்கோங்க.”

திருத்தங்கல் ஜெயக்கொடி இந்தத் திருவாக்கை உதிர்த்தது சிவகாசியில் ஒரு காலண்டர் வெளியீட்டு மேடையில். நன்றியுரை சொல்லத்தான் கூப்பிட்டிருந்தார்கள். நன்றியைத் தவிர பாக்கி எல்லாவற்றையும் சொன்னார். அச்சக முதலாளிகளில் யாருக்கெல்லாம் கண் தெரியாது, யாருக்கெல்லாம் கண் தெரிந்தும் வெட்கம் தெரியாது என்று விளக்கமாக எடுத்துரைத்தார். மைக்கை அணைத்துப் பார்த்தார்கள். அவருக்கு மைக் தேவைப்படவில்லை.

சாதாரண மனிதர்களுக்குக் கோபம் வரும், போகும். ஜெயக்கொடி கோபத்திலேயே குடியிருந்தார். எப்போதாவது வெளியே வந்து ஒரு டீ குடித்துவிட்டு மறுபடி உள்ளே போய்விடுவார். திருத்தங்கல் பஸ் நிறுத்தத்துக்கு எதிரே அவருடைய ஸ்டூடியோ. ‘பாஸ்போர்ட் போட்டோ உடனே எடுக்கப்படும்’ என்று வாசலில் பலகை தொங்கும். அதை நம்பி உள்ளே வந்தவர்களுக்கு உடனே கிடைப்பது திட்டு. அரசு ஆஸ்பத்திரியில் நர்ஸ் வேலை பார்க்கும் அவருடைய கணவர் நேசகுமார் டூட்டி முடிந்து வந்துதான் அந்தப் படங்களை எடுப்பார். ஜெயக்கொடி மனித முகத்தைப் படம் எடுப்பதில்லை. “மூஞ்சிக்குச் சொந்த வெளிச்சம் கெடையாது. எங்கிட்டிருந்தோ எரவல் வாங்கி நிக்கும். எரவல எடுக்க நான் எதுக்கு?” என்பார்.

அவர் எடுப்பது வெடியை. சீசனுக்கு முன்னால் பட்டாசுக் கம்பெனிகள் புது ரகங்களை இருட்டுகிற நேரத்தில் கரிசல் பொட்டலில் வைத்துக் கொளுத்திப் பார்ப்பார்கள். பெட்டியில் ஒட்டுகிற லேபிளுக்குப் படம் வேண்டும். ஜெயக்கொடி முக்காலியில் கேமராவை நிறுத்தி, லென்ஸைத் திறந்தபடியே விட்டு, அதற்கு முன்னால் ஒரு கறுப்பு அட்டையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். வாணம் மேலே ஏறும்போது மூச்சைப் பிடிப்பார். பூ விரிகிற கணத்தில் அட்டையை விலக்குவார். பூ உதிர்ந்ததும் மறுபடி மறைப்பார். இதற்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரிய வேண்டும், புகை முகத்தில் அடிக்காத இடத்தில் நிற்க வேண்டும், பக்கத்தில் யாரும் செல்போனைத் தூக்கிப் பிடிக்கக் கூடாது. மூன்றும் ஒருசேர அமைந்த நாள் அவருடைய வாழ்க்கையில் இல்லை.

அமைந்த படத்துக்கும் நல்ல கதி கிடையாது. பொட்டலில் எடுத்த புஸ்வாணம் லேபிளில் வரும்போது பனிமலை அடிவாரத்தில் எரியும். பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு சிரிக்கும். ஒருமுறை அந்த லேபிளைக் கையில் சுருட்டிக்கொண்டு அச்சகத்துக்கே போய்விட்டார். முதலாளி பிரபாகரன் எழுந்து நின்று நாற்காலியைக் காட்டினார்.

“உக்காருங்கக்கா. கலர் சோடா சாப்பிடுறீகளா?”

“இந்த மலை எங்கன இருக்கு? இருக்கன்குடிக்குப் போற வளியிலயா?”

“அப்படி இருந்தாத்தானக்கா வடக்க ஆர்டர் வருது.”

“சரி. எம் பேரு எங்கன இருக்கு?”

பிரபாகரன் லேபிளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “பேருக்கு எடம் விட்டுத்தான் வச்சிருந்தோம்க்கா. அங்கன ‘தூர நின்று கொளுத்தவும்’னு வந்துருச்சு.”

அன்று சாயங்காலம் நேசகுமார் மனைவியின் கையில் பட்டையைச் சுற்றி ரத்த அழுத்தம் பார்த்தார். கருவியைக் கழற்றி வைத்துவிட்டு, “மிஷின்ல கோளாறுன்னு நெனைக்கிறேன் ஜெயா” என்றார். மனைவியிடம் அவர் பொய் சொல்வது மருத்துவக் காரணங்களுக்காக மட்டுமே.

ஆக, நாடு முழுக்கப் பிள்ளைகள் கிழித்தெறிகிற பெட்டிகளின் மேல் ஜெயக்கொடியின் படங்கள் இருந்தன. ஒரு படத்தின் கீழும் அவருடைய பெயர் இல்லை.

இப்படிப்பட்டவரின் கைக்குத்தான் விருதுநகரின் வெளிச்ச விழாவை விதி கொண்டுவந்து சேர்த்தது.

கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல் மூன்றையும் ஒரே பந்தலில் முடித்துவிட வேண்டும் என்கிற உயர்ந்த சமத்துவக் கொள்கையோடு வியாபாரிகள் சிலர் தொடங்கிய விழா அது. தலைவர் பருப்பு மில் கண்ணுச்சாமி. பைபாஸ் ஓரத்துச் சரக்குக் கிட்டங்கி மைதானம் முழுக்கச் சீரியல் பல்பு. மாட்டுத்தொழுவத்தில் குழந்தை இயேசு, அடுத்து கரும்போடு பொங்கல் பானை, அடுத்து தோகை விரித்தாடும் மயில். இவர்கள் எல்லோரையும்விட இரண்டு ஆள் உயரம் கூடுதலாக, மூங்கில் தட்டியில் பல்பு கோத்த கண்ணுச்சாமி. பல்பு மாறி மாறி எரிய, அவர் கையெடுத்துக் கும்பிடுவார்; கையை இறக்குவார்; மீசை ஒருமுறை துடிக்கும்; பல் தெரியச் சிரிப்பார். நேரில் அவர் சிரித்துப் பார்த்தவர் எவரும் இல்லாததால் ஜனங்கள் அதைப் பார்க்க மல்லாங்கிணற்றிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள்.

கடைசி நாள் வாணவேடிக்கை. வாணம் விடும் லைசன்ஸ்காரர் பாண்டிராஜ் திருத்தங்கல்காரர், ஜெயக்கொடிக்குப் பழக்கம். மண் நிரப்பிய பீப்பாய்களில் இரும்புக் குழாய்களை நட்டு, அதற்குள் குண்டை இறக்கித் திரியைப் பற்றவைப்பது அவர் தொழில். குழாய் நேராக நின்றால் குண்டு வானத்துக்குப் போகும். சாய்ந்தால் எங்கே போகும் என்பது குண்டுக்கே தெரியாது. அதனால் மைதானத்தின் மூலையில் சமதரை பார்த்துக் காலையிலேயே பீப்பாய்களை வைத்து முடித்துவிட்டார்.

மதியம் கண்ணுச்சாமி வந்து பார்வையிட்டார். முக்கிய விருந்தாளி உட்காரும் சோபாவில் தாமே உட்கார்ந்து பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் பீப்பாய்கள் மின்சாரக் கண்ணுச்சாமியின் இடது கையை மறைத்தன.

“அதத் தூக்கி தட்டிக்குப் பின்னால வைங்கடா.”

பாண்டிராஜ் ஓடிவந்தார். “வேண்டாம் மொதலாளி. அங்கன தரை சரிவா இருக்கு. மண்ணும் இளக்கம். குளாய் சாஞ்சிரும்.”

“ஏலே, நீ வாணம் விட வந்தியா, எனக்கு வாஸ்து பாக்க வந்தியா?”

விழாக் குழுவின் ஆட்கள் பீப்பாய்களை உருட்டினார்கள். ஜெயக்கொடி அப்போது அங்கேயேதான், கழுத்தில் கேமராவோடு நின்றுகொண்டிருந்தார். உருட்டுவதை எடுக்கவில்லை. அதில் வெளிச்சம் ஏது? ஆனால் சண்டைக்குப் போனார். பாண்டிராஜுக்காக இல்லை. பீப்பாய் இடம் மாறினால் வாடைக்காற்றில் புகை நேரே தன் முகத்துக்கு வரும் என்று கண்டுபிடித்துவிட்டார். அதற்காகக் கண்ணுச்சாமியை நிற்கவைத்துப் பேசினார். பேச்சில் பருப்பு மில்லில் கலக்கப்படும் கல்லும் வந்தது. சரிவு வரவில்லை.

“எம்மா, நீங்க புகைய எடுக்க வந்தீகளா, வாணத்த எடுக்க வந்தீகளா?” என்று கேட்டுவிட்டு அவர் காரில் ஏறிவிட்டார்.

ராத்திரி ஏழு மணிக்கு விருந்தாளி வந்தார். பேசினார். பேசி முடித்ததும் வாணம் ஏறியது. சின்னச் சின்னக் குண்டுகள் ஒழுங்காகவே போயின. ஒவ்வொன்று கிளம்பும்போதும் பீப்பாய் கொஞ்சம் கொஞ்சமாக இளமண்ணில் இறங்கிக்கொண்டிருந்தது. பெரிய குண்டு கிளம்பியபோது குழாய் சாய்ந்தே இருந்தது. குண்டு வானத்துக்குப் போகாமல் தட்டியின் பின்பக்கமாக வந்து, சரியாக மீசைக்கு மேலே வெடித்தது.

பச்சையும் தங்கமுமாக அப்படி ஒரு பூவை அந்த ஊர் கண்டதில்லை. மீசை முதலில் விழுந்தது. கை மட்டும் தன்பாட்டுக்குக் கும்பிட்டுக்கொண்டிருந்தது. பல் வரிசை அணைந்து, வாய் இருந்த இடம் ஓட்டையாகி, அந்த ஓட்டையின் வழியாகப் பின்னால் சரிவின் மேட்டில் நின்ற பாண்டிராஜ் தெரிந்தார். சட்டைக் கை கருகியிருந்தது. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.

தட்டிக்கு முன்னால் நடனத்துக்காக விட்டிருந்த காலி இடத்தில்தான் நெருப்பு விழுந்ததால் கூட்டத்தில் யாருக்கும் காயமில்லை. ஜனங்கள் தரையையும் தட்டியையும் மாறி மாறிப் பார்த்தார்கள். பிறகு யாரோ ஒருவர் சிரிக்க, மைதானமே சிரித்தது. விருந்தாளி சிரிப்பை அடக்கத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். இருட்டில் ஆயிரம் பேர் சிரித்தார்கள்; வெளிச்சத்தில் நின்று சிரித்தவர் ஒருவர்தான். குற்றம் என்பது பெரும்பாலும் வெளிச்சம் விழுகிற இடத்தைப் பொறுத்தது.

ஜெயக்கொடி அட்டையை விலக்க வேண்டிய கணத்தில் விலக்கியிருந்தார். கேமராவின் சின்னத் திரையில் படத்தைப் பார்த்தார். நெருப்புப் பூ முழுசாக இருந்தது. புகை கூட அன்றைக்கு மரியாதையாகப் பின்னால் ஒதுங்கி நின்று பூவைத் தூக்கிக் காட்டியது. நடுவில் எரிகிற முகம். அதன் வாய்க்குள் சிரிக்கிற மனிதன். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் யாரையும் திட்டவில்லை. நேசகுமாருக்குப் பயமாகிவிட்டது.

“ஜெயா, நெஞ்சு கிஞ்சு வலிக்குதா?”

“வாய மூடிட்டு வண்டிய ஓட்டுங்க.”

நேசகுமாருக்கு உயிர் வந்தது.

மறுநாளே கண்ணுச்சாமி போலீசில் மனுக் கொடுத்தார். பாண்டிராஜ் முன்விரோதம் காரணமாக வேண்டுமென்றே குறிபார்த்து விழாத் தலைவரின் உருவத்துக்குத் தீ வைத்தார்; லைசன்ஸைப் பறித்து உள்ளே தள்ள வேண்டும். முன்விரோதம் என்ன என்பதைப் பின்னர் தெரிவிப்பதாகவும் மனுவில் இருந்தது. லைசன்ஸ் போனால் பாண்டிராஜுக்கு வாணத் தொழில் போனது. தீ வைத்தவன் என்ற பேச்சு கிளம்பிவிட்டால் தீப்பெட்டி ஒட்டுகிற ஆபீஸில்கூட உள்ளே விடமாட்டார்கள்.

அதற்கடுத்த நாள் கண்ணுச்சாமியின் கார் ஸ்டூடியோ வாசலில் நின்றது.

“எம்மா, அன்னைக்கு எடுத்த படம் வேணும். அவன் சிரிச்சான் பாருங்க, அது விழுந்திருக்கும்ல? உங்களுக்குத்தான் எதுவும் தப்பாதே. நீங்க மேடையில சொன்னத நான் முன் வரிசையில இருந்து கேட்டவன்.”

“இன்னும் கம்ப்யூட்டர்ல ஏத்திப் பாக்கல.”

“ஏத்துங்க. சப்-இன்ஸ்பெக்டர் வெள்ளிக்கிழமை விழாக் கமிட்டி ஆபீசுக்கு வாராரு. அவன் சிரிப்பக் காட்டுனாப் போதும், வேணும்னே செஞ்சான்னு ஆயிரும். பெறகு அதே படத்தப் பெரிய போஸ்டரா அடிக்கிறோம். சாத்தூர்ல இருந்து ராஜபாளையம் வரைக்கும் ஒட்டுறோம். ‘எரித்தாலும் எழுவோம்’. எப்படி?”

எரிந்த முகத்தை ஒரு மனிதர் இரண்டே நாளில் தியாக முகமாக மாற்றிவிட்டிருந்தார். மீசை விழுந்த துக்கம் ஒரு பக்கம். எலெக்‌ஷன் வருகிற சந்தோஷம் மறுபக்கம்.

“படத்துல கைவைப்பீகளா?”

“ஒரு புள்ளி தொடமாட்டோம். கீள உங்க பேரு. ‘படம்: ஜெயக்கொடி’. எங்க பேருக்குச் சமமா.”

அவர் போன பிறகு ஜெயக்கொடி வெகுநேரம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். வெட்டு இல்லை, ஒட்டு இல்லை, பனிமலை இல்லை. சுவரளவு படம், அதன் கீழே தன் பெயர். உலகத்தில் இதைத் தருவதாகச் சொன்ன ஒரே ஆள், விழா மதியத்திலிருந்து அவர் மனசுக்குள் உதைத்துக்கொண்டிருந்த ஆள். இந்த அநியாயத்தை நினைக்க நினைக்கக் கோபம் பொங்கியது. பாஸ்போர்ட் படத்துக்கு வந்த ஒரு கல்லூரிப் பெண் வாசலிலேயே திரும்பிப் போனாள்.

இருட்டுவதற்கு முன் பாண்டிராஜ் வந்தார். கையில் மருந்துக் கட்டு. உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

“யக்கா, படம் விழுந்திருக்கா?”

“எதுக்குலே கேக்க?”

“சும்மாதான். பாக்கணும்.”

ஜெயக்கொடி கேமராவைத் திருப்பிக் காட்டினார். பாண்டிராஜ் குனிந்து பார்த்தார். தன் சிரிப்பை அவர் முதலில் பார்க்கவில்லை. பூவைப் பார்த்தார்.

“பச்சை நல்லா எந்திரிச்சிருக்கு. நான் அடியில நின்னதால இத முளுசாப் பாக்கவே இல்ல.” பிறகுதான் வாய்க்குள் நிற்கிற தன்னைக் கண்டுபிடித்தார். “ஆத்தீ. இம்புட்டுப் பல்லா எனக்கு?”

“எதுக்குலே அப்படிச் சிரிச்ச?” ஜெயக்கொடியின் குரல் தெருவுக்குக் கேட்டது. “எரியுது, ஊரே பாக்குது, அங்கன நின்னு இளிச்சிக்கிட்டு. புத்தி வேண்டாமா?”

“தலைக்கு மேல வெடிக்கவும் கண்ண மூடிட்டேன்க்கா. செத்தோம்னு நெனச்சேன். தெறந்து பாத்தா கையி இருக்கு, காலு இருக்கு. சிரிப்பு வந்துருச்சு.” அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்துக்கொண்டார். “அந்தாளு மூஞ்சி எரிஞ்சதே எனக்குப் பெறகுதான் தெரியும்.”

ஜெயக்கொடிக்கு வாயில் வசவு தயாராக இருந்தது. வரவில்லை.

“சப்-இன்ஸ்பெக்டரு கேட்டாக் குடுத்துருங்கக்கா” என்றார் பாண்டிராஜ். “உங்க தொழில் அது. எனக்கு ஒரு காப்பி மட்டும் தாங்க. வாணம் விடுறவனை யாரு படம் எடுக்கா?”

அவர் போனதும் நேசகுமார் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தார். ஜெயக்கொடி நடந்ததையெல்லாம் சொல்லிவிட்டு, “எம் படம் பொய் சொல்லாது” என்றார்.

நேசகுமார் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “மத்தியானம் பீப்பாய உருட்டுனாங்கல்ல, அது எந்தப் படத்துல இருக்கு?”

“எதுலயும் இல்ல.”

“ஓகோ” என்று சொல்லிவிட்டு அவர் ரசம் கேட்டார்.

தட்டை எடுத்துக்கொண்டு சமையல்கட்டுக்குப் போன ஜெயக்கொடி அங்கிருந்தபடியே கத்தத் தொடங்கினார். கண்ணுச்சாமியைத் திட்டினார். உருட்டியவர்களைத் திட்டினார். எல்லோரும் தீர்ந்தபிறகும் குரல் நிற்கவில்லை. “புகை வருது, புகை வருதுன்னு நின்னேனே, மண்ணு மாதிரி. சரிவுன்னு அவன் கத்துறான். எங் காதுல விளுந்துச்சு. காதுல விளுந்துச்சுங்க.” நேசகுமார் அன்றைக்கு ரத்த அழுத்தம் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை கமிட்டி ஆபீஸில் நடுவில் ஒரு தட்டு நிறையச் சாத்தூர் சேவு. ஒரு பக்கம் சப்-இன்ஸ்பெக்டர். மறுபக்கம் கண்ணுச்சாமியும் கமிட்டிக்காரர்களும். சுவரோரம் பாண்டிராஜ், நின்றபடி. போஸ்டரின் மாதிரி ஏற்கெனவே அடித்துச் சுவரில் ஒட்டியிருந்தார்கள். எழுத்தெல்லாம் தயார், படத்துக்கு மட்டும் நடுவில் வெள்ளையாக இடம் விட்டிருந்தது. கீழே ‘படம்: ஜெயக்கொடி’ என்று சிவப்பில் இருந்தது. ஜெயக்கொடி அதை ஒருமுறை பார்த்தார். அழகான எழுத்து.

“பீப்பாய் மொதல்ல மூலையிலதான் இருந்துச்சு சார்” என்று அவரே ஆரம்பித்தார். “சரிவுல வைக்காதீகன்னு பாண்டி சொல்லச் சொல்ல, இவுக ஆளுகதான் உருட்டுனாங்க. நான் பாத்தேன்.”

“யாரு உருட்டுனா?” என்றார் கண்ணுச்சாமி. கமிட்டிக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்படி ஒரு பீப்பாயைப் பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை என்கிற முகங்கள்.

சப்-இன்ஸ்பெக்டர் சேவு மென்றுகொண்டே கேட்டார். “உருட்டுனதுக்குப் படம் இருக்காம்மா?”

“இல்ல.”

“கழுத்துல கேமரா இருந்துச்சுல்ல?”

“இருந்துச்சு.”

“சரி, அது போகட்டும். வாணம் வெடிச்ச படம் இருக்கும்ல? இவன் சிரிச்சானாமே. அதக் காட்டுங்க.”

ஜெயக்கொடி பையைத் திறந்து கேமராவை எடுத்தார். பாண்டிராஜ் தரையைப் பார்த்தார்.

“அதுவும் இல்ல சார்.”

“என்னது?” என்றார் கண்ணுச்சாமி.

“புகை எம் பக்கமா வந்துச்சு. லென்ஸ் கெட்டுரும்னு நடுவுல மூடியப் போட்டேன். பெரிய குண்டுக்கு அதக் கழத்த மறந்துட்டேன். மூடியோடயே எடுத்துட்டேன்.”

கேமரா கை மாறியது. சப்-இன்ஸ்பெக்டர் சின்னக் குண்டுகளின் படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தார். சிவப்பு, வெள்ளை, மறுபடி சிவப்பு. பிறகு ஒரு கறுப்பு. இன்னொரு கறுப்பு. அவர் திரையைத் துடைத்துப் பார்த்தார். அதற்குப் பிறகும் கறுப்பாகவே இருந்தது.

“ஸ்கூல் பையன்கூட மூடிய எடுத்துட்டுத்தானம்மா எடுப்பான்” என்றார்.

கமிட்டிக்காரர் ஒருவர் முதலில் சிரித்தார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். கண்ணுச்சாமி மட்டும் சிரிக்கவில்லை. அவருக்கு வெள்ளை விட்ட போஸ்டர் கண்ணெதிரே இருந்தது.

“மேடையில என்னமோ சொன்னீகளேம்மா. இந்த ஜில்லாவுல எதுவும் தப்பாதுன்னு.”

இதற்கு ஜெயக்கொடி பேசியிருக்க வேண்டிய பேச்சை ஊர் அறியும். அச்சகங்கள் அறியும். பாண்டிராஜ் ஒரு காலைப் பின்னால் எடுத்து வைத்தார். நேசகுமார் அங்கே இருந்திருந்தால் கருவியை எடுத்திருப்பார்.

“சொன்னேன்” என்றார் ஜெயக்கொடி. “இது தப்பிருச்சு.”

சப்-இன்ஸ்பெக்டர் எழுந்து தொப்பியைப் போட்டுக்கொண்டார். “வேணும்னே செஞ்சான்னு சாட்சியும் இல்ல, படமும் இல்ல. சிரிச்சான்னு கேஸ் போட முடியாது மொதலாளி. விபத்துன்னு முடிச்சிக்கிடுங்க. ஏய் பாண்டி, அடுத்த தடவை சமதரை பாத்து வையி.”

“சரிங்க சார்” என்றார் பாண்டிராஜ்.

ராத்திரியோடு ராத்திரியாக அந்தப் பூவை அழித்து, மூடியோடு கறுப்பெடுத்து வைத்திருந்த கேமராவை ஜெயக்கொடி துணியில் சுற்றிப் பைக்குள் வைத்தார். கமிட்டிக்காரர்கள் இன்னும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். தட்டிலிருந்து கொஞ்சம் சேவு எடுத்து வாயில் போட்டுக்கொண்டு, யாரையும் ஒரு வார்த்தை சொல்லாமல் திருத்தங்கல் பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.